பெரிய வண்டிக் கடையில் ஒரு மஞ்சள் கார்

1

நேற்று தபாலில் ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். காரோட நம்பர் பிளேட்டு மூலையில ஒட்டுறது. வருஷா வருஷம் சர்க்காருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினா இதை அனுப்பி வைக்கிறாங்க. "நீயே ஒட்டிடும்மா"ன்னு சொல்லிட்டு என் மகள் மலர் குளிக்கப் போயிட்டாள். ஈரத்துணியால துடைச்சு, பழைய ஸ்டிக்கர் மேலேயே ஒட்டினேன். அப்போதான் உறைச்சது, அந்தக் கார் எங்ககிட்ட வந்து ஒரு வருஷம் ஆயிடுச்சு.

என் பேர் பச்சையம்மாள். சொந்த ஊர் அடி அண்ணாமலை. இப்போ அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம் ஒரு சின்ன ஊர்ல மகளோட இருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவள். வேங்கிக்கால்ல என் அண்ணன் மகள் இருக்கிறாள். அவங்க மகளிர் குழுவுல மாசா மாசம் ஒரு சின்னப் புத்தகம் போடுறாங்களாம். "அத்தை, அந்த ஊரைப் பத்தி ஏதாவது எழுதுங்க"ன்னு ரொம்ப நாளா கேக்கிறாள். நாலு பேர் முன்னாடி பேசவே எனக்கு வராது. எழுதறதுன்னா என் மூஞ்சி யாருக்கும் தெரியாதில்ல, அந்த தைரியத்துல எழுதறேன்.

2

நான் இங்க வந்தது சந்தோஷமான காரியத்துக்கு இல்ல. என் மருமகப்பிள்ளை சேகர் உடம்பு முடியாம இருந்தப்போ துணைக்கு வந்தேன். அவர் போனதுக்கு அப்புறம் மலரைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. தங்கறதுக்குக் காகிதம் வாங்கணும்னு மலர் என்னை எங்கெங்கேயோ கூட்டிக்கிட்டுப் போனாள். என் பாஸ்போர்ட்ல இருக்கிறது ஒரே பேர்தான். இந்த ஊருக்கு முன்னால ஒரு பேர், பின்னால ஒரு பேர் வேணும். கடைசியில குடுத்தாங்களே அட்டை, அதுல பின் பேர் பச்சையம்மாள், முன் பேர் தெரியாதுன்னு அடிச்சிருக்குது. மலர் அதைப் பார்த்துட்டு, "பரவால்லம்மா, பாதியாவது தெரிஞ்சிருக்குதே"ன்னாள்.

அவள் ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை பாக்கிறாள். காலையில போவாள், சாயங்காலம் வருவாள். வந்ததும் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடிடுவாள். நான் வச்ச ரசத்தைக் குடிச்சுட்டுப் படுத்துடுவாள். நெத்தியில பொட்டு வைக்கிறதை விட்டுட்டாள். யாரும் சொல்லி இல்ல, அவளாதான். நானும் கேக்கல. வாசல்ல ஒரு பெரிய வேன் நிக்கும். சேகரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ப் போய் வந்த வேன். அதுல ஏறினாலே அவள் கழுத்து விறைச்சுக்கும். மூணு வருஷம் அதையேதான் ஓட்டினாள்.

பேரன் ஆதி வேற ஊர்ல வேலையில இருக்கிறான், ஏரோப்பிளேன்ல போகணும். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். "ஆயா, நான் சாப்பிட்டீங்களா?"ம்பான். "சாப்பிட்டேன் கண்ணு, நீ?"ம்பேன். "நீங்களும் சாப்பிட்டேன்"ம்பான். அதுக்கு மேல எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நல்ல பிள்ளைதான். தமிழும் கம்மி, வர்றதும் கம்மி.

ஆதி காலேஜுக்குப் போன புதுசுல சேகரும் மலரும் ஒண்ணு பேசி வச்சிருந்தாங்களாம். இனிமே வீட்ல நாம ரெண்டு பேர்தான், எதுக்கு வேன், ரெண்டே சீட்டு இருக்கிற கார் வாங்கலாம், கூரையைத் திறந்து விட்டுட்டுப் போகிற கார்னு. அவர் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னு தள்ளிக்கிட்டே வந்தார். அதுக்குள்ள வியாதி வந்துடுச்சு. இதை மலர் எனக்குச் சொன்னதே போன வருஷம் பங்குனியிலதான். போன்ல ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சள் கலர்ல ஒரு கார், தரையோட தரையா. "இது இங்க பக்கத்துலயே விலைக்கு வந்திருக்குதும்மா. சும்மா போய்ப் பாத்துட்டு வரலாமா?"ன்னாள். மூணு வருஷத்துல அவளா ஒரு இடத்துக்குப் போகலாம்னு சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சேலை மாத்தப் போயிட்டேன்.

3

அந்தக் கடையில விக்கிறது எல்லாம் ஆளுயர வண்டிங்க. பின்னாடி திறந்த தொட்டி வச்சு, நம்ம ஊர் மினி லாரி மாதிரி. சக்கரமே என் இடுப்புக்கு மேல இருக்குது. அதுங்க நடுவுல இந்த மஞ்சள் கார், எருமை மந்தையில தவறி வந்த கன்னுக்குட்டி மாதிரி நின்னுக்கிட்டிருந்தது. இது அந்தக் கம்பெனி செய்யற காரே இல்லையாம். வேற கம்பெனிக் கார்.

வேற கம்பெனிக் காரை இவங்க ஏன் விக்கிறாங்கன்னு மலரைக் கேட்டேன். முன்னே வச்சிருந்தவருக்கு ரெட்டைக் குழந்தை பிறக்கப் போகுதாம். இதைக் குடுத்துட்டுப் பெரிய வண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. தேரடி வீதியில பாத்திரக்கடைக்குப் போறோம். பழைய பித்தளைக் குடத்தைப் போட்டுட்டு எவர்சில்வர் எடுக்கிறோம். அந்தக் குடத்தைக் கடைக்காரர் புளி போட்டுத் தேய்ச்சு ஓரத்துல வச்சு வேற ஆளுக்கு விப்பார். அந்த மாதிரி. பிள்ளை பிறக்கப் போகுதுன்னு குடுத்த வண்டி, கஷ்டப்பட்டுக் குடுத்தது இல்லன்னு எனக்கு மனசுக்கு நிம்மதியா இருந்தது. பழசு எதை வாங்கினாலும் ஏன் விக்கிறாங்கன்னு நாம கேப்போம் இல்லையா.

கடையில எங்களைக் கவனிச்சவர் பேர் ப்ரையன். நாப்பது வயசு இருக்கும், தொப்பி போட்ட ஆள். எங்க கம்பெனி வண்டியைப் பத்தி எது கேட்டாலும் சொல்லுவேன், இதைப் பத்தி எனக்கு ஜாஸ்தி தெரியாதுன்னு முதல்லயே சொல்லிட்டாராம். கூரையைத் திறக்கிற பட்டன் எதுன்னே அவருக்குத் தெரியல. எதையோ அழுத்தினார், பின்பக்கம் சாமான் வைக்கிற மூடி திறந்துக்கிச்சு. இன்னொண்ணை அழுத்தினார், பாட்டு வந்தது. மலர் உள்ளே எட்டி ஒரு கொக்கியை விடுவிச்சு, ஒரு கையால கூரையைப் பின்னாடி மடிச்சாள். பல வருஷமா போன்ல பார்த்துப் பார்த்துப் பாடமாயிருக்குது. ப்ரையன் தொப்பியைக் கழட்டி அவளுக்கு ஒரு கும்பிடு மாதிரி போட்டார். மலர் சிரிச்சாள். பல்லு தெரியச் சிரிச்சாள். அப்போதான் நான் அந்தக் காரை நல்லாப் பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்கணும்னா கடை ஆளும் கூட வரணும்கிறது அவங்க வழக்கம். இருக்கிறதோ ரெண்டு சீட்டு. ப்ரையன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். நான் இருக்கேன், நீங்க போங்கன்னு கையைக் காட்டினேன். உள்ளே ஒரு நாற்காலியில உக்கார வச்சு யாரோ காபி கொண்டுவந்து குடுத்தாங்க. இங்க எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் தேங்க்ஸ் ஒண்ணுதான். வேணும்னாலும் தேங்க்ஸ், வேணாம்னாலும் தேங்க்ஸ். அதனால எனக்கு ரெண்டு காபி வந்தது.

4

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மலர் ஆதிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன், "ரெண்டு சீட்டுதானா? நான் வந்தா எங்க உக்காருவேன்?"னு கேட்டானாம். அவன் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்னும் கேட்டிருக்கிறான். மலர் சரிடா, சரிடான்னு வச்சுட்டாள். ரெண்டு நாள் அந்தக் காரைப் பத்தி வாயே திறக்கல. ஜன்னல் திரை பழையபடி மூடிக்கிச்சு.

மூணாம் நாள் நான்தான் கேட்டேன், என்ன ஆச்சுன்னு. பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னாள்.

"ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமாம்மா? புருஷன் போய் மூணு வருஷம்தான் ஆகுது, மஞ்சள் கார்ல கூரையைத் திறந்துக்கிட்டுப் போறா பாருன்னுவாங்க. மாமா வீட்டு அத்தை கேப்பாங்க. பையனே கேட்டுட்டான்."

நான் எப்பவும் யார் எது கேட்டாலும் உன் இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிடறவள். அன்னிக்கு அப்படிச் சொன்னா அவள் அந்த வேன்லயே கிடந்து காஞ்சு போயிடுவாள்னு தோணிச்சு. வாங்குடின்னேன். அவள் குழாயை மூடிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பக்கத்துல உக்கார்ந்து வர்றதுன்னா வாங்கறேன். தனியா அதுல என்னால முடியாது."

வர்றேன்னுட்டேன். சனிக்கிழமை எடுக்கிறதுன்னு முடிவாச்சு. காலையில ராகு காலம் இருக்கு, பத்தரைக்கு மேல எடுன்னேன். அவள் அதை ப்ரையன் கிட்டயும் சொல்லியிருக்கிறாள், எங்கம்மா நேரம் பார்ப்பாங்கன்னு.

இங்க ஒண்ணு சொல்லணும். ஊர்ல என் அண்ணன் வீட்ல டிராக்டர் எடுத்தாங்க, அப்புறம் ஒரு வேன் எடுத்தாங்க. புது வண்டி தெருமுனையில திரும்பறப்போ நான் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போயிடுவேன். எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து அது என் பழக்கம். யாரும் என்னை ஒதுங்குன்னு சொன்னதில்ல. அண்ணி கூட, "எங்கடி போனே, ஆரத்தி சுத்தறப்போ தேடினேன்"னு கேப்பாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்பேன். சொல்லவேண்டிய சங்கடத்தை அவங்களுக்குக் குடுக்காம நானே ஒதுங்கிக்கிட்டா ரெண்டு பக்கமும் மரியாதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தவள் நான்.

அதனால வண்டிக்குப் பொட்டு வைக்கிறதுக்கு, அடுத்த தெருவுல இருக்கிற தெலுங்குக்காரப் பொண்ணு சுதாவை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருந்தேன், அண்ணிகிட்டயும் போன்ல அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன். அண்ணாமலையார் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் என் கைப்பையில எப்பவும் இருக்கும். வீட்டுக்கு வர்ற சுமங்கலிங்க அவங்களே எடுத்து வச்சுக்கிறதுக்கு. கூட உக்கார்ந்து போறது வேற, முதல் முதல்ல வண்டி எதிர்ல நிக்கிறது வேறன்னு நானே ஒரு நியாயம் வச்சுக்கிட்டேன்.

5

சனிக்கிழமை வேனை வீட்ல விட்டுட்டு டாக்சியில போனோம். கடையில மலர் ஒரு மேஜை முன்னால உக்கார்ந்து கையெழுத்து போட்டுக்கிட்டே இருந்தாள். ப்ரையன் வந்து, வண்டியைக் கழுவிட்டாங்க, பின்னாலேர்ந்து வாசலுக்குக் கொண்டுவர்றேன்னு சொல்லிட்டுப் போனார். நான் வாசலுக்கு நேர் எதிர்ல கண்ணாடி ஓரமா உக்கார்ந்திருந்தேன். வண்டி வந்தா முதல்ல என் மூஞ்சிதான்.

மெதுவா எழுந்து பக்கத்துக் கதவு வழியா வெளியே வந்துட்டேன். வரிசையா நிக்கிற பெரிய வண்டிங்களுக்கு நடுவுல போய் நின்னுக்கிட்டேன். காத்து சில்லுன்னு அடிச்சது. ஸ்வெட்டருக்கு மேல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். மலர் வண்டியை எடுத்து கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் போய்க்கலாம்னு எண்ணம். எல்லாத்தையும் யோசிச்சேன். கேட்டைத் தாண்டினப்புறம் நான் எதுல போறதுன்னு மட்டும் யோசிக்கல.

கொஞ்ச நேரத்துல கடை ஒலிபெருக்கியில ஒரு பொம்பளை ஏதோ சொன்னாள். திரும்பவும் சொன்னாள். அதுல என் பேர் இருந்தது. பச்சையம்மாள்ங்கிற பேர் அவள் வாயில பொரி மாதிரி நொறுங்கி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எழுபது வயசு வரைக்கும் என் பேரை மைக்குல யாரும் கூப்பிட்டது கிடையாது. இன்னும் உள்ளே தள்ளி நின்னேன். ஆளுங்க வரிசை வரிசையாத் தேடுறது கேட்டது. ப்ரையன் குனிஞ்சு வண்டிங்களுக்கு அடியில பார்த்துக்கிட்டே வந்திருக்கிறார். ஷூவும் அதுக்கு மேல சேலைக் கரையும் தெரிஞ்சிருக்குது. அவர் கிட்ட வரல, தொடல. அங்கேயே நின்னு மலரைக் கூப்பிட்டார்.

மலர் ஓடி வந்தாள். முகம் ஆஸ்பத்திரியில இருந்த நாள் மாதிரி ஆயிடுச்சு. நான் எங்கேயோ ரோட்டுக்குப் போயிட்டேன்னு நினைச்சிருக்கிறாள், போலீசுக்குச் சொல்லப் போயிருக்காங்க.

"இங்க என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்லடி. நீ போய் வண்டியை எடு. நான் பின்னாலயே வரேன்."

"எதுல வருவே?"

அவளுக்கு மூச்சு வாங்கிச்சு. என் கையைப் பிடிச்சாள், கை ஐஸ் மாதிரி இருந்திருக்கும், ரெண்டு உள்ளங்கைக்குள்ள வச்சுத் தேய்ச்சாள்.

"சொல்லும்மா. எதுக்கு ஒளிஞ்சிருக்கே?"

"முதல் முதல்ல எடுக்கிற வண்டி. என் மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான்."

தேய்ச்சுக்கிட்டிருந்த கை நின்னுபோச்சு. கோபப்படுவாள்னு பார்த்தேன். படல. ரொம்ப மெதுவாக் கேட்டாள்.

"அப்போ நான்?"

"நீ என்ன?"

"நானும் அதானேம்மா, மூணு வருஷமா. நான் எந்த வண்டிக்குப் பின்னால போய் நிக்கட்டும்?"

அவளை நான் அந்த வரிசையில ஒரு நாளும் வச்சதே இல்ல. அவள் காலையில எதிர்ல வந்தா அன்னிக்கு நாள் நல்லா இருக்கும்னு நினைக்கிறவள் நான். என் மூஞ்சி ஆகாதுன்னா அவள் மூஞ்சியும் ஆகாது. அது எப்படி ஆகாம போகும்? அவள் என் மகள். நான் ஒதுங்கி ஒதுங்கி நின்னதை எல்லாம் அவள் சின்ன வயசுலேர்ந்து பார்த்துக்கிட்டே வந்திருக்கிறாள். அந்த ஜன்னல் திரையை எங்க கத்துக்கிட்டாள்னு அப்போ தெரிஞ்சது.

"நடடி"ன்னேன். அவள் கையை விடாம நானே முன்னால நடந்தேன்.

6

வாசல்ல மஞ்சள் கார் நின்னுது. கடை ஆளுங்க நாலஞ்சு பேர் சுத்தி நின்னாங்க, காணாமப்போன கிழவி கிடைச்சுட்டாள்னு எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத் தலை நிமிரல. குனிஞ்சபடியே கைப்பையைத் திறந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தேன். இது என்னன்னு ப்ரையன் கேட்டிருப்பார் போல, மலர் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டார். அதைப் பார்த்து மத்தவங்களும் பேச்சை நிறுத்திட்டாங்க.

வண்டி முகப்புல மூணு பொட்டு வச்சேன். குங்குமம் தொட்டு நாப்பது வருஷம் இருக்கும், ஒட்டுமோ ஒட்டாதோன்னு இருந்தது. மஞ்சள் மேல நல்லா எடுப்பா நின்னுது. அண்ணாமலையாரே, என் பொண்ணு பத்திரம்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். நிமிர்ந்தா மலர் நெத்தியைக் காட்டிக்கிட்டு நிக்கிறாள். ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னாள். அவளுக்கும் வச்சேன்.

அந்தக் கார்ல ஏறுறது கிணத்துல இறங்குற மாதிரி. ப்ரையன் கதவைப் பிடிச்சுக்கிட்டார், மலர் என் தலையில இடிக்காம கையை வச்சாள். உக்கார்ந்தா ரோடு காதுக்குப் பக்கத்துல போகுது. ஊர்ல புது வண்டியை மலையைச் சுத்திட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவோம். இந்த ஊர்ல மலை இல்ல. ஒரு ஏரி இருக்குது. மலர் அதைச் சுத்தி ஓட்டினாள், வலமா. நம்ம ஊர்ல கார்ல கிரிவலம் போனா டிரைவர் பக்கம்தான் மலை, முன் சீட்டுல உக்கார்ந்தவங்க எட்டி எட்டிப் பார்க்கணும். இங்க எல்லாம் மாறி இருக்கிறதால ஏரி என் பக்கமே வந்தது. கூரையைத் திறந்து விட்டிருந்தாள். காத்துல கொண்டை அவிழ்ந்துபோச்சு. சேகர் தம்பி உக்கார்ந்திருக்க வேண்டிய இடம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. பக்கத்துல மலர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கிட்டு ஓட்டினாள். நல்ல பிள்ளைக்குத்தான் பொண்ணைக் குடுத்தோம்னு அவரை நினைச்சுக் கும்பிட்டுக்கிட்டேன்.

ஆதி அந்த மாசமே வந்தான். அவனைக் கூட்டிவர நானும் மலரும் அந்தக் கார்லயே போயிட்டோம், இடம் இல்லாம அவன் டாக்சி பிடிச்சு வீட்டுக்கு வந்தான். மறுநாள் அவனும் அவங்கம்மாவும் அதுல ஏறிப் போனவங்க மத்தியானம் வரைக்கும் வரல. என்ன பேசினாங்களோ, நான் கேக்கல. இப்போ புதன்கிழமையும் போன் பண்றான்.

இந்த ஊர் எனக்குக் கஷ்டம் குடுக்கலன்னு சொல்லமாட்டேன். பனி விழுந்தா அந்தக் காரைப் போர்த்தி வச்சுட்டுப் பழைய வேனைத்தான் எடுக்கணும். ஆனாலும் பாஷை தெரியாத ஊர்ல, என் பேரே பாதி தெரியாதவங்க, எனக்காக வேலையை விட்டுட்டு வண்டிக்கடியில எல்லாம் குனிஞ்சு தேடினாங்களே. அந்த நன்றி எனக்கு இருக்குது. கூரையைத் திறக்கத் தெரியாத கடைக்காரருக்கும், ரெட்டைக் குழந்தை பெத்த அந்த முகம் தெரியாத தம்பிக்கும் சேத்துத்தான்.

கார் எடுத்த அன்னிக்கு ராத்திரியே மலர் கார் படத்தை ஊருக்கு அனுப்பிட்டாள். அங்க அப்போ விடிஞ்சிருந்தது, உடனே அண்ணி வீடியோவுல வந்தாங்க. வீடியோன்னா வழக்கமா நான் போனை மலர் கையில குடுத்துட்டு நகர்ந்துடுவேன். அன்னிக்கு நானே பிடிச்சுக்கிட்டேன். வண்டி என்ன, எவ்வளவு தூரம் போகும்னு எதுவும் அவங்க கேக்கல. படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துட்டு முதல் கேள்வியே அதுதான்.

"பொட்டு யாரு வச்சது? அந்தத் தெலுங்குப் பொண்ணா?"

"இல்ல அண்ணி. நான்தான் வச்சேன்."

அவங்க வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. மலர் சமையக்கட்டுல அடுப்பை அணைச்சுட்டு வந்து என் பக்கத்துல நின்னாள். நான் போனைக் கீழே இறக்கல.

"நடுப்பொட்டு கொஞ்சம் கோணலா இருக்குது பாரு"ன்னாங்க அண்ணி. "அடுத்த தடவை பாத்து வை."